கிரகணத்தில் எதைப் பார்ப்பது?

கிரகணம் வருகிறது என்று செய்தி வந்ததும் அக்கம்பக்கத்தில் எழும் முதல் கேள்வி, "டெலஸ்கோப் வேணுமா சார்?" வேண்டாம். இரண்டாவது கேள்வி, "எத்தனை மணிக்குப் பார்க்கணும்?" இதற்குத்தான் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கும். உச்ச நேரத்தைச் சொன்னால், அந்த நேரத்துக்குச் சரியாக மாடியேறி, நிமிர்ந்து பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து, "இவ்வளவுதானா?" என்று இறங்கிப் போய்விடுகிறார்கள். உச்ச நேரத்தில் நின்றுபோன ஒரு காட்சிதான் கிடைக்கும். கிரகணத்தின் ருசி முழுக்க அசைவில் இருக்கிறது. சூரியனையும் சந்திரனையும் நாம் தினமும் பார்க்கிறோம். கிரகணத்தன்று மட்டும் கிடைக்கும் புதுச் சரக்கு நிழல். அது எந்தப் பக்கம் தொடுகிறது, என்ன வேகத்தில் போகிறது, அதன் விளிம்பு எப்படி இருக்கிறது, அதற்கு என்ன நிறம் என்று பார்க்கப் பழகிவிட்டால் மூன்று மணி நேரம் போவதே தெரியாது.

பழக ஏற்றது சந்திர கிரகணம். கண்ணுக்கு ஆபத்தில்லை, அவசரமில்லை, நடுவில் மேகம் வந்தாலும் விலகும்வரை காத்திருக்க நேரம் உண்டு. 2025 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு இந்தியா முழுவதும் தெரிந்ததே, அதையே எடுத்துக்கொள்வோம். இரவு 9.57க்கு நிழல் தொட்டது. 11.01க்குச் சந்திரன் முழுவதும் உள்ளே போனது. 12.22 வரை உள்ளேயே இருந்தது. 1.26க்கு முழுதாக வெளியே வந்தது. பஞ்சாங்கத்தில் ஸ்பரிசம், மத்தியம், மோட்சம் என்று போட்டிருப்பது இந்தக் கட்டங்களைத்தான். மத்தியத்துக்கு மட்டும் மாடியேறுகிறவர் ஸ்பரிசத்தையும் மோட்சத்தையும் கோட்டை விடுகிறார். என்னைக் கேட்டால், ஒரே ஒரு கட்டம்தான் பார்க்க முடியும் என்றால் மத்தியத்தை விட்டுவிட்டு ஸ்பரிசத்துக்கு வாருங்கள் என்பேன்.

அறிவிக்கப்பட்ட நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே பாயை விரித்துவிடுங்கள். நிலவின் ஒரு ஓரம் அழுக்குப் படிந்தது மாதிரி லேசாக மங்கியிருக்கும். அது பூமியின் புறநிழல். அங்கே சூரிய ஒளி பாதி மறைந்தும் பாதி மறையாமலும் இருக்கிறது. (புறநிழல் கிரகணம் மட்டும் நிகழும் நாட்களும் உண்டு. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். பெரும்பாலும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.) பிறகு கருநிழல் தொடும். எந்த விளிம்பைத் தொடுகிறது என்று கவனியுங்கள். எப்போதும் கிழக்கு விளிம்புதான். நிலவு கீழ்வானில் இருக்கும்போது அது கிட்டத்தட்ட அடிப்பக்கமாக இருக்கும். காரணம் எளிது. நிழல் வந்து நிலவை மூடவில்லை. நிலவுதான் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து நிழலுக்குள் நுழைகிறது. தினமும் கிழக்கே உதித்து மேற்கே சாய்கிற நிலவு உண்மையில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதை நேரில் பார்க்கிற நேரம் இது. வேகம் மணிக்குச் சுமார் தன் அகலம் அளவு. கடிகாரத்தையும் நிலவையும் மாறி மாறிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

நிழலின் விளிம்பு வட்டத்தின் ஒரு துண்டு. ஒவ்வொரு சந்திர கிரகணத்திலும் அப்படித்தான் விழுகிறது என்பதை வைத்தே பூமி உருண்டை என்று அரிஸ்டாட்டில் வாதாடினார். இங்கே குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். காகிதத்தில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரையச் சொல்லுங்கள். நிலவு பாதி மறைந்திருக்கும்போது நிழலின் வளைவை அந்த வட்டத்துக்குள் எவ்வளவு ஒழுங்காக முடியுமோ அவ்வளவு ஒழுங்காக வரையட்டும். பிறகு அந்த வளைவை நீட்டி முழு வட்டமாக்கினால், நிலவைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமான வட்டம் வர வேண்டும். சூரியன் பூமியைவிட மிகப் பெரியது என்பதால் பூமியின் நிழல் போகப் போகக் குறுகுகிறது. அதனால்தான் நிலவைப் போல ஏறத்தாழ 3.7 மடங்கு அகலமுள்ள பூமி, நிலவின் தூரத்தில் இவ்வளவு சிறிய நிழலைப் போடுகிறது. கிரேக்கத்தில் அரிஸ்டார்க்கஸ் நிலவின் அளவைக் கணக்கிட இந்த வழியைத்தான் எடுத்தார். அவர் வைத்த மடங்கு 2. உங்கள் வீட்டுப் பையன் அவரைவிட நெருக்கமான விடை கொண்டுவந்தாலும் வரலாம்.

முழுவதும் உள்ளே போன பிறகு நிலவு காணாமல் போகாது, சிவக்கும். அந்த நேரத்தில் நிலவில் நின்று பூமியைப் பார்த்தால், சூரியனை மறைத்த கறுப்பு வட்டத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தெரியும். பூமியில் அந்தக் கணத்தில் எங்கெல்லாம் விடிகிறதோ எங்கெல்லாம் அந்தி சாய்கிறதோ அத்தனை ஊர்களின் செவ்வானமும் சேர்ந்த வளையம் அது. அந்த வெளிச்சம்தான் நிலவில் விழுகிறது. எனவே நிறம் ஒவ்வொரு முறையும் மாறும். பளபளவென்று தேய்த்த செப்புக் குடத்தின் நிறம் முதல் அடையாளமே தெரியாத சாம்பல் வரை வரும். இதை 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுக் குறிக்கும் முறையை டான்ஜோன் என்ற பிரெஞ்சு வானியலாளர் வகுத்தார். 0 மிக இருட்டு, 4 மிகப் பிரகாசம். பினாட்டூபோ எரிமலை 1991இல் வெடித்துக் காற்று மண்டலத்தில் தூசைக் கிளப்பியதன் விளைவாக 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலவு மிகவும் இருண்டுபோனது. ஒரு நோட்டில் தேதியும் உங்கள் மதிப்பெண்ணும் எழுதி வையுங்கள். நாலைந்து கிரகணம் ஆனபின் புரட்டிப் பார்க்கும்போது அது பூமியின் காற்றைப் பற்றிய உங்கள் சொந்தப் பதிவேடு ஆகியிருக்கும். பைனாகுலர் இருந்தால், முழுமை தொடங்குவதற்குச் சற்று முன்னும் முடிந்த சற்று நேரத்திலும் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மெல்லிய நீலப் பட்டை தெரிகிறதா என்று தேடுங்கள். ஓசோன் படலத்தின் கைவரிசை அது. படத்தில் எளிதில் விழும். கண்ணுக்குப் பிடிபட்டால் யோகம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பௌர்ணமி இரவில் தெரியாத நட்சத்திரங்கள் எல்லாம் முழுமையின்போது திரும்ப வரும். இதற்கென்றே 2028 டிசம்பர் 31ஐக் குறித்து வையுங்கள். மார்கழிப் பௌர்ணமி, பக்கத்தில் திருவாதிரை. இரவு ஒன்பதே முக்கால் வாக்கில் முழுமை தொடங்கி ஏறத்தாழ 70 நிமிடம் நீடிக்கும். நிலா மங்க மங்கத் திருவாதிரையும் ஓரியனின் இடைவாரும் துலங்கிவரும். நிழல் முழுதாக விலகும்போது புத்தாண்டு பிறந்து சில நிமிடம் ஆகியிருக்கும். வடகிழக்குப் பருவமழை அதற்குள் மூட்டை கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சூரிய கிரகணம் வேறு கதை. இதில் சூரியனை நேராகப் பார்ப்பதைவிடப் பார்க்காமல் பார்ப்பதில்தான் சுவை அதிகம் என்பது என் கட்சி. சான்றளிக்கப்பட்ட கிரகணக் கண்ணாடி இருந்தால் பார்க்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் கிரகணக் காலத்தில் கொடுக்கின்றன. சென்னை பிர்லா கோளரங்கத்திலும் பொதுமக்களுக்கு ஏற்பாடு செய்வார்கள். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் எண்தான். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், சிடி, தாம்பாளத்தில் கரைத்த சாணித் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் எதுவும் கூடாது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை. சுடும்போது தெரியாது, பல மணி நேரம் கழித்துப் பார்வையில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும்.

இனி பார்க்காமல் பார்ப்பதற்கு வருவோம். புங்கமரத்தடியில் சாதாரண நாளில் தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருந்தாலும் பொட்டுகள் வட்டமாகவே விழுகின்றன. ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். கிரகணத்தன்று அத்தனையும் பிறைகளாகிவிடும், தரை முழுக்க நூற்றுக்கணக்கில். மரம் இல்லையென்றால் அடுக்களையிலிருந்து பூந்திக் கரண்டியை எடுத்து வாருங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பிறை விழும். பிம்பத்தின் அளவுக்குச் சுலபமான கணக்கு உண்டு. துளைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை ஏறத்தாழ 107ஆல் வகுத்தால் போதும். ஒரு மீட்டரில் 9 மில்லிமீட்டர். கரண்டியைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. தூக்கிப் பிடிக்க வேண்டும்.

இதிலும் மேலான வித்தை ஒன்று. சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி நடுவில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஓட்டை போடுங்கள். வெயிலில் வைத்து, திறந்த ஜன்னல் வழியாக இருட்டறைச் சுவரில் வெளிச்சம் விழும்படி திருப்புங்கள். சுவர் 10 மீட்டர் தள்ளியிருந்தால் 9 சென்டிமீட்டருக்குச் சூரியன் விழும். வகுப்பறைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பார்க்கலாம், யாரும் சூரியனை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. கண்ணாடியை யாரும் எட்டிப் பார்க்காமல் மட்டும் ஒருவர் காவல் நிற்க வேண்டும். பிம்பம் சுவரில் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். பூமி சுற்றுகிறது என்பதற்கு அங்கேயே ஒரு சாட்சி.

2019 டிசம்பர் 26 காலை வளையக் கிரகணம் தமிழ்நாட்டின் குறுக்கே போனது. கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழி. ஒன்பதரை மணி அளவில் மூன்று நிமிடத்துக்கு வளையம் நின்றது. இருட்டும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் பலர் ஏமாந்தார்கள். சூரியனில் நூற்றில் ஐந்தாறு பங்கு மிச்சமிருந்தாலே பகல் பகல்தான். ஆனால் அந்தப் பகலின் குணம் மாறிவிடுகிறது. மாலை வெயிலில் மஞ்சள் இருக்கும், இதில் இருக்காது. உச்சி வெயிலின் நிறத்திலேயே வலு மட்டும் குறைந்த ஒரு வெளிச்சம். பிறை மெலிந்திருக்கும் கட்டத்தில் உங்கள் கையின் நிழலைப் பாருங்கள். ஒரு திசையில் விரல் ரோமம் வரை தெளிவாக விழும், கையைத் திருப்பினால் விளிம்பு மங்கும். ஒளி தரும் மூலம் வட்டமாக இல்லாமல் கீற்றாக இருப்பதன் விளைவு.

அன்றைக்கு வாட்ஸப்பில் உலக்கைப் படங்களும் உலா வந்திருக்கும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தினால் கிரகணம் முடியும்வரை நிற்கும் என்பது பல கிராமங்களில் உள்ள நம்பிக்கை. நிற்பது உண்மை. உலக்கையின் அடியில் இரும்புப் பூண் தட்டையாக இருக்கிறது, கனம் இருக்கிறது, பொறுமையாக நிறுத்தினால் செவ்வாய்க்கிழமை மத்தியானம்கூட நிற்கும். இதைச் சொல்லி ஊர்ப் பாட்டிகளிடம் நான் சண்டைக்கு நிற்பதில்லை. உலக்கை நிற்கிறதா என்று பார்க்கவாவது வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் வாசலுக்கு வருகிறார்கள். அப்போது காலடியில் கிடக்கும் பிறைகளைக் காட்டிவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சாஸ்திரம் ஒருபக்கம் இருக்கட்டும், கணக்கு நம்மிடம் நன்றாகவே இருந்தது. 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயம் கிரகணத்தை நிழல் என்றே விளக்குகிறது. பஞ்சாங்கக் கணிதத்தில் ராகு கேது என்று கணக்கிடப்படுவது, சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். சந்திரனின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் அந்தப் புள்ளிகளின் அருகே பௌர்ணமியோ அமாவாசையோ வந்தால்தான் கிரகணம். 1825இல் ஜான் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணிப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தொடக்க நேரம் 4 நிமிட வித்தியாசத்தில் வந்தது. முடிவு நேரத்தில் பிழை முக்கால் மணியைத் தாண்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் சோழிக்கு அது பெரிய காரியம்.

1871 டிசம்பர் 12 முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் நீலகிரி வழியாகப் போனது. பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் ஊட்டிக்கு அருகே சோலூரில் கருவிகளை நிறுத்தியிருந்தார். சென்னை வானாய்வகத்துக்காரர்கள் அவிநாசிக்குப் போனார்கள். அந்த ஆய்வகத்தில் வேலை செய்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அதற்கு மூன்றாண்டுகள் முன்பு 1868 கிரகணத்தை இன்றைய தெலங்கானாவிலுள்ள வனபர்த்தியில் பதிவு செய்தவர். 1874இல் வெள்ளி சூரியனின் குறுக்கே கடந்த இடைநகர்வுக்கு முன்பாக அதை விளக்கிப் பல மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். சாதாரண ஜனங்களுக்கு வானம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் எழுத்துக்கு நம் பக்கத்தில் அவர்தான் மூத்தவர் என்பேன்.

கிரகணங்களுக்குக் குடும்பம் உண்டு. 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரம் கழித்து ஏறக்குறைய அதே மாதிரிக் கிரகணம் திரும்ப வரும். இதற்குச் சாரோஸ் என்று பெயர். அந்த 8 மணி நேரத்துக்குள் பூமி மூன்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் நிழல் விழும் இடம் மட்டும் மேற்கே தள்ளிப் போகும். ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போனால் சுவாரசியம் தாங்காது. 1919 மே 29 கிரகணத்தில்தான் எடிங்டன் குழுவினர் நட்சத்திர ஒளி வளைவதை அளந்தார்கள், ஐன்ஸ்டைன் உலகப் புகழ் அடைந்தார். அதன் வாரிசு 1955 ஜூன் 20இல் இலங்கை வழியே போனது. அந்த நூற்றாண்டிலேயே மிக நீளமான முழுக் கிரகணம் அது, அதிகபட்சம் 7 நிமிடம் 8 விநாடி. 1973 வாரிசை ஆப்பிரிக்காவுக்கு மேலே கான்கார்ட் விமானத்தில் துரத்திக்கொண்டே போய் 74 நிமிடம் பார்த்தார்கள். 2009 ஜூலை 22 வாரிசு பிகாருக்கு வந்தது. தாரேக்னா என்ற ஊரில் பெருங்கூட்டம் கூடியது, ஆடி மாத மேகம் எல்லோருக்கும் கையை விரித்தது. அடுத்தது 2027 ஆகஸ்ட் 2, எகிப்தின் லக்சர் பக்கம் 6 நிமிடத்துக்கும் மேல். மழையே பார்க்காத பாலைவனம். காசும் பாஸ்போர்ட்டும் உள்ளவர்கள் யோசிக்கலாம். முழுக் கிரகணத்தில் மட்டும்தான் சூரியனின் ஒளிமகுடத்தை, அதுவும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும், வெறும் கண்ணால் பார்க்கலாம். விளிம்பில் ஒரு துளி சூரியன் எட்டிப் பார்த்ததும் கண்ணாடியைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

கிரகணம் வராத ஆண்டுகளில் என்ன செய்வது? நிழல் பார்க்கிறவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு முறை கட்டாய விருந்து இருக்கிறது: நிழலில்லா நாள். டெல்லிக்காரர்களுக்கு இது கிடைக்காது. ஏப்ரல் 10 வாக்கில் கன்னியாகுமரியில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். பிறகு மதுரை, கோவை என்று நாளுக்கு நாள் வடக்கே ஏறி ஏப்ரல் 24 வாக்கில் சென்னையை எட்டும். ஆகஸ்டில் அதே வழியாக இறங்கும். சமதளத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் போதும், நிழல் மெல்லச் சுருங்கி டம்ளருக்கடியில் போய்விடும். அது சரியாக 12 மணிக்கு நடக்காது. சென்னையில் 12.07ஐ ஒட்டி, கோவையில் 12.20 வாக்கில். இந்தியா முழுமைக்கும் ஒரே கடிகாரம் வைத்திருப்பதன் விலை இது. தாம்பரத்தில் இருப்பவரும் நாகர்கோவிலில் இருப்பவரும் எந்தெந்த நாளில் நிழல் மறைந்தது என்று போனில் பேசிக்கொண்டால், இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிடலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சூப்பர் மூன் என்று பத்திரிகைகள் போடும் கூச்சலை நம்பி மாடியேற வேண்டாம். மிகச் சிறியதாகத் தெரியும் பௌர்ணமியைவிடக் குறுக்களவில் 14 சதவீதம் பெரிது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு வழியில்லை. ப்ளூ மூன் நீலமாக இருக்காது. விண்கல் மழையில் டிசம்பர் 13, 14இல் வரும் ஜெமினிட் மட்டும் நம்பகமானது. அதற்குக் கருவி எதுவும் உதவாது, நகரத்தை விட்டு வெளியே போய்ப் படுத்து, இருபது நிமிடம் போனைத் தொடாமல் இருந்தால் கண் பழகும். சிறிய டெலஸ்கோப் வாங்கிவிட்டவர்கள், வியாழனின் துணைக்கோள் ஒன்று அதன் நிழலுக்குள் போய்ச் சட்டென்று அணைவதைப் பார்க்கலாம். இந்த அணைதல் கணக்கிட்ட நேரத்திலிருந்து தள்ளிப் போவதைக் கவனித்துத்தான், ஒளி பயணம் செய்ய நேரம் எடுத்துக்கொள்கிறது என்று 1676இல் ரோமர் கண்டுபிடித்தார். கிரகணங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான் என்று சொன்னால் நண்பர்கள் அடிக்க வருவார்கள்.

தமிழ்நாட்டுக்கு அடுத்த வளையம் 2031 மே 21. தேனி, மதுரை வழியாக யாழ்ப்பாணம் நோக்கிப் போகும். வளையம் 5 நிமிடம் வரை நிற்கும். நடக்கப்போவது அக்னி நட்சத்திரத்தின் நடுவில், மதியம் ஒரு மணியை ஒட்டி, சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில். 2019 போலக் காலை இளவெயிலில் நின்று பார்க்கிற வசதி இருக்காது. ஒரு வேப்ப மரத்தை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடியில் சிமென்ட் தரையோ வெள்ளை வேட்டி விரிக்க இடமோ இருக்க வேண்டும். உச்சி வெயில் என்பதால் வளையங்கள் நீளாமல் முழு வட்டமாகவே விழும். பழைய கிரகணக் கண்ணாடியைப் பீரோவில் வைத்திருப்பவர்கள், அன்று காலை அதை ஒரு குண்டு பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எங்காவது ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் கசிந்தால் கிழித்துப் போட்டுவிட்டு வேப்ப மரத்தடிக்கே வந்துவிடுங்கள்.